எட்மண்ட் அண்ணனுக்கு நரை விழுந்த கதை

வெள்ளைக்காரத் தேசத்தில் எந்தக் காலத்திலோ செத்துப்போன எட்மண்ட் ஹேல்வின் என்ற சினிமா நடிகர், தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில், பிலோமினா வீட்டு டிவிப் பெட்டிக்குள் கிழவரானார். நம்பாதவர்கள் எழுந்து போகலாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. நம்புகிறவர்கள் உட்காருங்கள், ஆனால் நடுவில் நடுவில் 'அதெப்படி செலஸ்டி?' என்று கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும், ஏனென்றால் அதெப்படி என்று எங்கள் தெருவில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அவருக்கு மூச்சு வாங்குகிறதா, இருமல் குறைந்ததா, தூங்கினாரா என்றுதான் கேட்டோம்.

முதலில் பிலோமினாவின் புருஷன் கசிமிரைச் சொல்ல வேண்டும். சரக்குக் கப்பலில் ஸ்டூவர்டு, அதாவது ஆபீசர்களுக்குச் சாப்பாடு எடுத்துவைத்து, படுக்கை விரித்து, அவர்கள் திட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிற வேலை. லீவுக்கு வருகிற மற்ற ஆண்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இந்த மனுஷன் மட்டும் துறைமுகம் துறைமுகமாக, பழைய சாமான் கடை கடையாகத் தேடி, எட்மண்ட் ஹேல்வின் நடித்த கறுப்பு வெள்ளைப் படங்களின் வீடியோ கேசட்டுகளை வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவருவார். கேசட்டைப் போட்டு டிவியில் படம் ஓட்டுகிற டெக்கு, தெருவிலேயே முதலில் வந்தது அவர்கள் வீட்டில்தான். படங்களுக்கு இங்கிலீஷில் என்னென்னவோ பெயர், எங்களுக்கு அதெல்லாம் எதற்கு? எட்மண்ட் டாக்டராக வந்து சைக்கிளில் மேடேறிப் போகிற படம் சைக்கிள் படம், கோட்டைச் சுவரேறுகிற படம் மதில் படம், பியானோ வாசிக்கிற படம் பியானோ படம், கேப்டனாக வருகிற படம் கப்பல் படம். கசிமிர் டிவிக்குப் பக்கத்தில் நின்று வசனம் சொல்வார், எட்மண்ட் வாயைத் திறந்தால் கசிமிர் குரல் வரும், அந்தக் குரலில் எட்மண்ட் ஒரு சீக்காளிச் சீமாட்டியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, "நேத்து சீலா மீன் குழம்பு எவ்வளவு சாப்பிட்ட, உண்மையச் சொல்லு தாயே" என்பார். படத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். எங்களுக்கு அவர் எட்மண்ட் அண்ணன் ஆனது அப்படித்தான்.

கப்பல் படத்தை மட்டும் நாங்கள் முழுதாகப் பார்த்ததே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை கடலில் இருக்கிற வீட்டுக்காரிகள், கப்பல் மூழ்குவதைப் படத்தில்கூடக் கண்ணால் பார்க்க மாட்டோம். எந்த நாளிலும் தெருவில் யாரோ ஒருத்தியின் புருஷனோ மகனோ கடலில்தானே இருப்பான்? அதனால், கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மழை ஊற்றி, எட்மண்ட் அண்ணன் எல்லாரையும் படகுகளில் இறக்கி அனுப்பிவிட்டு, தான் மட்டும் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் வந்ததும், கசிமிர் டெக்கை நிறுத்திவிடுவார்.

"பொறவு என்னாச்சு தம்பி, தப்பிச்சாரா இல்லையா?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"மீதிய அடுத்த லீவுல சொல்லுதேன் மதினி" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் சொல்வார், பிலோமினாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே.

அப்புறம் ஒரு லீவுக்கு அவர் வரவில்லை. கப்பலே வரவில்லை. எந்தக் கடலில், எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை, ஒரு பலகை கிடைக்கவில்லை, ஒரு செருப்பு ஒதுங்கவில்லை. கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினா அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "பார்த்தவங்க யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர்கள் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பார்த்தவர் இல்லையென்றால் சாவும் இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இறந்தோர் பூசை கேட்கவில்லை, கறுப்புச் சேலை உடுத்தவில்லை, சாப்பாட்டு மேசையில் அவர் தட்டை எடுக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று தெருவே மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அவள் மட்டும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே கிடப்பாள். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "எத்தன வருசத்துக்கு ஏட்டி இப்படி இருப்ப?" என்று கேட்டுவிட்டேன்.

"மீதியச் சொல்லுதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காகல்ல அக்கா? சொல்லாம எப்படிப் போவாக?" என்றாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கேசட்டுகள் டிரங்குப் பெட்டிக்குள் போயின. நாங்களும் நரைத்தோம், பல் போனது, பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தோம், டெக்கு என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகள் பிறந்து மீசையும் வைத்துவிட்டன. ஒரு வருஷம் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதால்தான் பெட்டியையே திறந்தோம். கேசட்டெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது, மேலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை ஈரம் தின்றிருந்தது. பிலோமினாவின் தங்கை மகன் கிளமென்ட், துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து வந்தவன், டெக்கைப் பிரித்துத் துடைத்து ஓடவைத்துவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் பின்முற்றத்தில் உட்கார்ந்து, கம்பவுண்டர் மோத்தாவிடம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி, நாடாவை முழம் முழமாக இழுத்துத் துடைத்துச் சுற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைக்கு வந்ததைப் போட்டோம். சைக்கிள் படம். எட்மண்ட் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், தொப்பியைக் கழற்றினார், காதோரம் வெளுத்திருந்தது.

"பூஞ்சை போகல" என்றேன் நான்.

மறுபடியும் எடுத்தோம், மறுபடியும் துடைத்தோம், மறுபடியும் போட்டோம். இப்போது மீசையும் வெளுத்திருந்தது. பஞ்சை மாற்றினோம், ஸ்பிரிட்டை மாற்றினோம், தேய்த்த தேய்ப்பில் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. கடைசியில் பிலோமினாதான் சொன்னாள்: "கூட நடிக்கிற அந்தப் பொண்ணு முடி கறுப்பாத்தானே இருக்கு அக்கா. பூஞ்சை இவரு தலைய மட்டும் பார்த்தா ஏறும்?" அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அண்ணனுக்கு வயசாகியிருக்கிறது. ஆகாதா பின்னே, எங்களுக்கெல்லாம் ஆகியிருக்கிறதே!

செய்தி தெரு முழுக்கப் பரவியது, ஞாயிறுதோறும் பிலோமினா வீட்டில் கூட்டம் சேர்ந்தது, சேர்ந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை, கவலைப்பட்டார்கள். மோத்தா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டு, அண்ணன் மேடேறும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனித்து, "இளைப்பு இருக்கு. சைக்கிள் கூடவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அமலோற்பவம் சுக்குத் தண்ணீர் போட்டு டிவிக்குப் பக்கத்தில் மூடி வைத்தாள். கிளமென்ட் புத்திசாலித்தனமாக, "மேடு வர்ற இடத்த வேகமா ஓட்டிவிட்டுருவோம் பெரியம்மா" என்று பட்டனை அமுக்கினான். ஐயோ, அந்த மனுஷன் பேய் பிடித்தவர் மாதிரிக் கால் கண்ணுக்குத் தெரியாமல் மிதித்து மேடேறி, மேலே போய்ச் சைக்கிளோடு விழப்பார்த்தார், அடுத்த காட்சி முழுக்க இருமல். தெருவே சேர்ந்து கிளமென்டைக் கிழித்துத் தொங்கவிட்டது. அதற்கப்புறம்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற முறை வந்தது. மேட்டுக்குக் கீழே ஒரு தடவை நிறுத்துவோம், அண்ணன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, உடம்பு லேசாக ஆடியபடி நிற்பார், நாங்களும் டீ குடிப்போம், பேன் பார்ப்போம், ஊர்க்கதை பேசுவோம், அவர் ஆறியிருப்பார் என்று தோன்றினால் ஓடவிடுவோம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கதாநாயகிக்கு அதே இருபது வயசு, அண்ணனுக்கோ ஏறிக்கொண்டே போகிறது, பியானோ படத்தில் முத்தம் கொடுக்கிற இடம் வந்தால் பொம்பளைகள் எல்லாரும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தோம். நல்லவேளை, அண்ணன் மானஸ்தன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே குனிந்து அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு சிலுவை வரைந்துவிட்டு விலகிக்கொண்டார். "இதுதான் மரியாதை" என்றாள் அமலோற்பவம், அன்றைக்குத் தெருவில் எல்லாருக்கும் நிம்மதி.

பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து காட்டினோம், இது புதுமையா, ஆண்டவர் செய்கிற அற்புதமா என்று கேட்டோம். அவர் மதில் படத்தைப் பாதி பார்த்தார், அண்ணன் ஏணியில் பாதியில் நின்று முழங்காலை நீவிக்கொள்வதைப் பார்த்தார், தன் முழங்காலையும் நீவிக்கொண்டார். "மனுசனுக்கு வயசாகுறது என்னம்மா புதுமை? இத்தன வருசம் ஆகாம இருந்ததுல்ல புதுமை?" என்று சொல்லி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். கிளமென்ட் தன் போனில் அதே படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான், அதில் எட்மண்ட் கருகருவென்று முடியோடு துள்ளி ஏறினார். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. அது யாரோ, எங்களோடு பழகாத ஆள்.

பிலோமினாவுக்கு அந்த நாட்களில் முகமே மாறியிருந்தது. சுவரில் கசிமிரின் படம் ஒன்று உண்டு, முப்பது சொச்சம் வயசில் எடுத்தது. "அந்தப் படத்தப் பார்த்தா எம் மகன் மாதிரி இருக்காக அக்கா. எனக்கு மட்டும் வயசாயிட்டே போச்சு, அவுகள எப்படி நெனைக்கதுன்னே தெரியாமப் போச்சு. இப்போ இவரப் பார்க்கவும்தான், சரி, அவுகளுக்கும் இப்படித்தான் காதோரம் வெளுத்திருக்கும், இப்படித்தான் படியேற மூச்சு வாங்கியிருக்கும்னு தெரியுது" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெயர்ச்சீட்டு போன கேசட்டுகளாயிற்றே, எது எந்தப் படம் என்று போட்டால்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் தெரிந்தது, கப்பல் தெரிந்தது. கடலில் ஆள் இருக்கிற வீட்டுக்காரிகள் கண்ணைப் பொத்திக்கொண்டோம், என் மகன் அப்போது ஏதோ ஒரு எண்ணெய்க் கப்பலில் இருந்தான். விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன், மறைப்பானேன். மற்றப் படங்களில் கிழவர் என்றால், இதில் அண்ணன் தொண்டு கிழவர். மழையில், அந்தச் சாய்ந்த தட்டில், கம்பியைப் பிடித்த கை நடுங்க நடுங்க நின்றுகொண்டிருந்தார். வழக்கமான இடம் வந்ததும் பிலோமினா பாய்ந்து போய் நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் சைக்கிள் படம் போட்டோம். வெயிலடிக்கிற காட்சி, அண்ணன் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. மதில் படத்தில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரச் சுவடு. சீமாட்டியின் நாடியைப் பிடிக்கப் போனவருக்கு, கை உதறி, சீமாட்டியே அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மோத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மெதுவாகச் சொன்னார்: "சுக்குத் தண்ணியில தீர்ற சீக்கு இல்ல இது. அந்தக் கப்பல்ல, மழையில, அவர நிறுத்திட்டு நாம வந்துட்டோம். அன்னையிலிருந்து நின்னுகிட்டே இருக்காரு. ஒண்ணு அவரு கரை சேரணும், இல்லன்னா போய்ச் சேரணும். இப்படி நிக்க வைக்கது பாவம் தாயி."

"அந்தப் படம் ஓடாது" என்றாள் பிலோமினா.

"பிலோமி..."

"ஓடாதுன்னா ஓடாது அக்கா! அந்தக் கப்பல் முங்காம இருக்கிற வரைக்கும்தான்..." என்று சொல்லிவந்தவள் நிறுத்திக்கொண்டாள். மீதியை அவள் சொல்லத் தேவையில்லை, எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேசட் ஓடி முடியாதவரைக்கும் கசிமிர் எங்கேயோ ஒரு தட்டில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓடி முடிந்தால் அவள் விதவை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "உன் புருஷனுக்காக அந்த மனுஷன நனைய விடுவியா, நல்லா இருக்குட்டி நியாயம்" என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல், அழுதுகொண்டு கிடந்தேன்.

பிறகு ஒருநாள் பியானோ படம். கூட்டமில்லை, நானும் அவளும்தான். அண்ணன் வந்து பியானோ முன்னால் உட்கார்ந்தார், கையைத் தூக்கினார், தூக்க முடியவில்லை, மடியில் போட்டுக்கொண்டார். நாயகி நாட்டியத்துக்குக் காலைத் தூக்கியபடி காத்திருந்தாள், பின்னால் ஊர்ப்பட்ட ஜனம் காத்திருந்தது, அண்ணன் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து பியானோ கட்டைகள் மேல் சொட்டி, அது ஒன்றுதான் சத்தம். பிலோமினா எழுந்து போய், முந்தானையால் டிவிக் கண்ணாடியில் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள், ஈரம் போகவில்லை. அப்படியே நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நிக்க முடியலயா?" என்று அவரிடம் கேட்டாள். "எனக்காகத்தான் நிக்கியளா?"

திரும்பி என்னிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம ரெண்டாம் பூசை முடிஞ்சதும் போடுதேன் அக்கா. நான் ஒத்தையில பார்த்துக்கிடுதேன். கடல்ல ஆள் இருக்கவுக யாரும் வர வேண்டாம்னு சொல்லிரு."

சொன்னேன். கேட்டால்தானே! பூசை முடிந்து அவள் வீட்டுக் கதவைத் திறந்தபோது, புருஷன் கடலில் இருக்கிறவள், மகன் கடலில் இருக்கிறவள், மருமகன் கடலில் இருக்கிறவள் என்று அத்தனை பேரும் கோயிலுக்கு உடுத்திய சேலையோடு வந்து நின்றோம். வழக்கத்தை மீற முடியுமா? முடியாது. அவளைத் தனியே விட முடியுமா? அதுவும் முடியாது. அதனால் உள்ளே போய், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். எங்கள் எல்லாருடைய முகமும் பிலோமினாவைப் பார்த்து, அவள் முகம் மட்டும் டிவியைப் பார்த்து. அவள் எங்களை ஒரு தடவை பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், கிளமென்டிடம் "போடுய்யா" என்றாள்.

எனக்குப் பின்னால் கடல் இரைந்தது. கப்பல் சங்கு ஊதியது. மழை, ஓட்டம், கூச்சல், கயிறு உராயும் சத்தம், படகுகள் தண்ணீரில் விழும் சத்தம். நான் பார்த்தது பிலோமினாவின் முகத்தை மட்டும்தான், அதில் டிவி வெளிச்சம் அலையடித்துக்கொண்டிருந்தது. வழக்கமான இடம் வந்தது. அவள் கை தன்னையறியாமல் எழுந்தது, நான் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். படம் ஓடியது. கசிமிர் ஒரு நாளும் சொல்லாத மீதி, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடியது. இரும்பு முனகியது. அண்ணன் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், மெதுவாக, வீட்டுக்குள்ளே பேசுகிற மாதிரி. பிலோமினாவின் கண் அகலமானது. என் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்தாள். "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும், "ம்" என்றாள். அப்புறம் தண்ணீர்ச் சத்தம், எவ்வளவோ தண்ணீர், அப்புறம் ஒன்றுமில்லை. டெக்கு தானாகவே 'டக்' என்று நின்று, நாடாவைப் பின்னுக்குச் சுற்ற ஆரம்பித்தது.

"திரும்புங்க. முடிஞ்சிருச்சு" என்றாள் பிலோமினா.

அழுதாள், அம்மாடி, எத்தனை வருஷத்து அழுகை, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதோம், கசிமிர் பெயரைச் சொல்லிச் சொல்லி, அவர் வாங்கிவந்த சாமானைச் சொல்லி, அவர் சொன்ன வசனத்தைச் சொல்லி, அன்றைக்குத்தான் செத்தவர் போல. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, அவளே பங்குச் சாமியார் குடியிருக்கிற பங்களாவுக்கு நடந்து போய், கசிமிருக்கு இறந்தோர் பூசை கேட்டாள். மேசையில் இருந்த தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

பூசை முடிந்த வாரம் சைக்கிள் படம் போட்டோம். எட்மண்ட் அண்ணன், இல்லை, அண்ணன் என்ன அண்ணன், இருபத்தைந்து வயசுப் பையன், கருகருவென்று முடி, காய்ந்த கோட்டு, ஒரே மூச்சில் மேடேறிப் போனான். யாரும் நிறுத்தவில்லை. "ஏல, மெதுவாப் போல, விழுந்துறாத" என்றாள் பிலோமினா, சிரித்துக்கொண்டே. சுவரில் இருந்த கசிமிரின் படத்தையும் அதே சிரிப்போடு பார்த்தாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவள் எங்களோடு வந்தாள். கசிமிருக்குக் குழி கிடையாது, அதனால் தோட்டத்தின் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றிவைத்தாள். கடல்காற்று அணைக்கப்பார்த்தது, இரண்டு பேரும் கையால் மறைத்துக்கொண்டு குத்தவைத்திருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா?

"கடைசியில என்னதாம்ட்டி நடந்துச்சு? தப்பிச்சாரா?"

"இல்ல அக்கா. கப்பலோட போயிட்டாக. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பிப் பார்த்தாக."

"எதுக்கு?"

"யாராவது இருக்காகளான்னு." மெழுகுவத்தியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தாள். "நான் இருந்தேன்."